பாட்டரியை மாற்றுமுன்

நெசவாளர் சங்கமாயினும் வேளாண்மைச் சங்கமாயினும், சொந்தமாக ஒரு சரக்கு வண்டி வைத்திருக்கும் சங்கங்களின் செலவுச் சீட்டுகளைப் புரட்டும்போது, டீசலுக்கும் டயருக்கும் அடுத்தபடியாக நம் கண்ணில் அடிக்கடி படுவது ‘புதிய பாட்டரி 1’ என்னும் வரியாகும். டீசலுக்கு ஓடிய தூரம் கணக்குச் சொல்லும். டயருக்குத் தேய்மானம் சாட்சி. பாட்டரி மட்டும் யாதொரு விளக்கமுமின்றி வருகிறது, யாதொரு விளக்கமுமின்றிப் போகிறது. “வண்டி கிளம்பவில்லை, பாட்டரி போய்விட்டது, மாற்றினோம்” என்பதே கிடைக்கும் விடை. போனது பாட்டரிதானா என்று எவரும் சோதித்ததாகத் தெரிவதில்லை. பாவில் ஓரிழை அறுந்தால் அறுந்த இடத்தைத் தேடிப் புணைக்கும் நெசவாளி, பாவையே அறுத்தெறிவதில்லை. வண்டி விஷயத்தில் மட்டும் நமக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை.

விளைபொருள் விற்பனைச் சங்கமொன்றில் நாம் கண்ட கணக்கை இங்கு எடுத்துக் கூறுவது பயனுடைத்து. 26 மாதங்களில் ஒரே வண்டிக்கு 3 பாட்டரிகள். ஒவ்வொன்றும் சில மாதம் நன்றாக இருந்து பின்னர் தளர்ந்தது. மூன்றாவதும் தளர்ந்த நேரம் தக்காளி வரத்து மிகுந்த பருவம். பின்னிரவு 2 மணிக்குச் சந்தைக்குப் புறப்பட வேண்டிய வண்டி, பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அசையாது நின்றது. வேறு வண்டி பிடித்துச் சென்று சேர்வதற்குள் ஏலம் முடிந்துவிட்டது. கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தனர். அந்த இழப்பு பாட்டரிச் செலவில் எழுதப்படவில்லை. அங்கத்தினர்களின் பட்டுவாடாவில்தான் அது குறைந்தது.

இத்தகைய கோளாற்றை அறிய, வண்டியின் மின் ஏற்பாட்டைச் சிறிது தெரிந்துகொள்ளல் வேண்டும். பாட்டரி மின்சாரத்தை உண்டாக்கும் பொருளன்று, சேமித்து வைக்கும் பத்தாயம் போன்றது. வண்டியைக் கிளப்பும்போது செல்ப் மோட்டார் அதிலிருந்து அள்ளிச் செல்கிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும், பெல்ட்டினால் சுழலும் ஆல்டர்னேட்டர் விளக்குகளுக்கும் பிறவற்றுக்கும் மின்சாரம் கொடுத்து, எஞ்சியதைப் பத்தாயத்தில் நிரப்புகிறது. ஆல்டர்னேட்டரில் பிறப்பது மாறு திசை மின்சாரமாதலால், அதை நேர் திசையாக்க டயோடுகளும், அளவு மீறாமல் காக்க ரெகுலேட்டர் ஒன்றும் உண்டு. ஆகவே காலையில் பத்தாயம் காலியாயிருப்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கக்கூடும்: பத்தாயம் ஓட்டையாயிருக்கலாம், நிரப்புபவன் சரிவர நிரப்பாதிருக்கலாம், அல்லது இரவில் எவனோ திருடிச் செல்லலாம். மூன்றுக்கும் பத்தாயத்தை மாற்றுவதே பரிகாரம் என்பது எந்த ஊர் நியாயம்?

இவற்றைப் பிரித்தறிய வேண்டிய கருவி ஒரு மல்டிமீட்டர். ஒரு பாட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பமே. வண்டி வைத்துள்ள ஒவ்வொரு சங்கமும் அதை வாங்கி இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டுமென்பது நமது கருத்து.

முதற்சோதனையைக் காலையில், வண்டியைக் கிளப்புமுன் செய்தல் வேண்டும். ஓடி நின்ற உடனே அளந்தால் பாட்டரி தன் உண்மை நிலையைக் காட்டாது. மேலோட்டமான ஏற்றம் சில மணி நேரம் அதில் தங்கியிருக்கும். இரவு முழுதும் ஓய்ந்திருந்த 12 வோல்ட் பாட்டரி, முழு நிரப்பில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாது காட்டும். 12.4 எனில் ஏறத்தாழ முக்கால் பங்கு, 12.2 எனில் பாதி, 12.0 எனில் கால் பங்கு. 11.9க்குக் கீழே இறங்கினால் வெறுமையென்றே கொள்ளலாம். 12 வோல்ட் பாட்டரி என்று பெயரிருப்பதால் 12 காட்டினால் சரியென்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு.

அடுத்து, மீட்டரைப் பிடித்தபடியே ஒருவரைச் செல்ப் எடுக்கச் சொல்ல வேண்டும். நன்கு நிரம்பிய பாட்டரி அச்சமயத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிதல் கூடாது. நிரம்பியிருந்தும் சரிந்தால் குறை பெரும்பாலும் பாட்டரியினுடையதே. மூடி திறக்கும் வகைப் பாட்டரியானால் ஹைட்ரோமீட்டரால் அறை அறையாக அமிலத்தின் அடர்த்தியையும் பார்க்கலாம். ஆறு அறைகளில் ஐந்து 1.240 காட்ட, ஒன்று மட்டும் 1.180 காட்டுமானால் அந்த அறை கெட்டது. ஓர் அறை கெட்டால் பாட்டரி முழுதும் கெட்டதே. அப்போது தயக்கமின்றி மாற்றலாம்.

மூன்றாவது சோதனையே பெரும்பாலோர் செய்யாது விடுவது. எஞ்சினை ஓடவிட்டு, சற்று வேகம் கொடுத்து, பாட்டரி முனைகளில் அளக்க வேண்டும். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் தன் கடமையைச் செய்கிறது. பின்னர் முகப்பு விளக்குகளையும் காற்றாடியையும் போட்டு மீண்டும் அளந்தால், சிறிது இறங்கலாமேயன்றி 13.2க்குக் கீழே போகலாகாது. எஞ்சின் ஓடியும் ஓடாதபோதிருந்த அளவே காட்டினால் ஏற்றம் நிகழவேயில்லை என்பது பொருள். 15ஐத் தாண்டினாலோ ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. பாட்டரியின் நீர் கொதித்து வற்றும், பல்புகள் அடிக்கடி போகும். ஒன்றை மட்டும் இங்குச் சொல்லிவைக்கிறோம்: அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில் எரிபொருளைச் சிக்கனப்படுத்த ஏற்றத்தைக் கணினியே கூட்டிக் குறைக்கிறது. அவற்றில் பளுவில்லாத நேரத்தில் குறைவாகக் காட்டுவது கோளாறாகாது. விளக்குகளைப் போட்டு அளந்த அளவையே நம்ப வேண்டும்.

ஏற்றம் குறைந்திருந்தால் உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதும் அவசரமே. முதலில் பெல்ட்டைப் பாருங்கள். நீண்ட இடத்தின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 முதல் 12 மில்லிமீட்டர் அமுங்கலாம். அதற்கு மேல் தளர்ந்தால் வழுக்கும், விளக்குப் போட்டதும் கீச்சிடும். அடுத்துக் கம்பிகள். மேலே கூறிய சங்கத்து வண்டியின் குட்டு இங்குதான் வெளிப்பட்டது. விளக்குகளைப் போட்டு அளந்தபோது பாட்டரியில் 12.9 வோல்ட்; ஆனால் ஆல்டர்னேட்டரின் முனையில் 14.2. இடையே 1.3 வோல்ட் எங்கோ மறைகிறது! மீட்டரின் ஒரு முள்ளை ஆல்டர்னேட்டரின் ஏற்ற முனையிலும் மற்றதைப் பாட்டரியின் பிளஸ் முனையிலும் வைத்ததும், மறைந்த வோல்ட் முழுதும் அங்கே அகப்பட்டது. நல்ல கம்பியில் இது அரை வோல்ட்டைத் தாண்டலாகாது. கம்பியின் நுனியிலுள்ள செப்பு வளையம் பச்சை பூத்து, சூட்டினால் கருகியிருந்தது. செல்ப் மோட்டாருக்குச் செல்லும் தடித்த கம்பி வேறாதலால் வண்டியைக் கிளப்புவதில் குறை தென்படவில்லை. ஆல்டர்னேட்டர் மின்சாரம் உண்டாக்கிக்கொண்டேயிருந்ததால் முகப்பிலுள்ள சிவப்பு எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. பகலோட்டத்தில் ஓரளவு நிரம்பியது. இரவோட்டம் மிகுந்த பருவத்தில் விளக்குகள் தின்றதை ஈடுகட்ட முடியாது வற்றியது. பாதி வயிற்றோடு மாதக்கணக்கில் கிடக்கும் பாட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் கொள்ளாது. மூன்று பாட்டரிகளும் அவ்வாறே மடிந்தன. ஒரு புதிய கம்பியும் ஒரு திருகும் போட்டபின் அளவு 14.0க்கு ஏறியது.

கம்பிகள் சரியாயிருந்து, ஆல்டர்னேட்டரின் முனையிலேயே அளவு குறைந்தால்தான் குறை அதனுள் இருக்கிறது. பல சமயம் கார்பன் தேய்ந்திருக்கும். அல்லது ரெகுலேட்டரோ டயோடோ போயிருக்கும். மீட்டரை மாறு திசை அளவுக்குத் திருப்பி, எஞ்சின் ஓடும்போது பாட்டரியில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடின் மீது ஐயங்கொள்ளலாம். கார்பனை மாற்றினால் தீரும் குறைக்கு முழு ஆல்டர்னேட்டருக்கே விலைப்பட்டியல் நீட்டுவாருமுண்டு. கழற்றிய பாகத்தைக் கண்ணால் காணாமல் பணம் கொடுத்தல் ஆகாது.

இனி இரவில் நடக்கும் திருட்டு. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தபின், பாட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றி இடையே அம்மீட்டரை வைத்தால் ஒழுகும் மின்சாரம் தெரியும். (மீட்டர் அந்நிலையிலிருக்கச் செல்ப் எடுக்கக் கூடாது, மீட்டர் கெடும்.) கடிகாரம் முதலியவற்றுக்காக 0.05 ஆம்பியர் வரை போவது இயல்பு. அரை ஆம்பியர் ஒழுகினால் 60 ஆம்பியர்-மணிப் பாட்டரி 5 நாளில் அடியோடு காலி; அதற்கு வெகு முன்பே செல்ப் எடுக்காது. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது ஒழுக்கு நிற்கிறதோ அந்த வழியைத் தேட வேண்டும். பின்னாளில் பொருத்திய பாட்டுப் பெட்டியும் ஒலிப்பானும் பெரும்பாலும் குற்றவாளிகள். பருவத்துக்குப் பருவம் சும்மா நிற்கும் டிராக்டருக்கோ, மைனஸ் கம்பியைக் கழற்றி வைப்பதும் மாதம் ஒரு முறை ஏற்றம் கொடுப்பதுமே போதும்.

எஞ்சின் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றி, ‘எஞ்சின் நின்றால் ஆல்டர்னேட்டர் கெட்டது’ என்று தீர்ப்புக் கூறும் வழக்கம் சில பட்டறைகளில் உள்ளது. இது டைனமோ காலத்து வழக்கம். அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் தன் 1960ஆம் ஆண்டு வாலியண்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்திய பின்னர், டைனமோ படிப்படியாக மறைந்தது. வழக்கம் மட்டும் மறையவில்லை. இவ்வாறு கழற்றினால் மின் அழுத்தம் திடீரென்று எகிறி, நன்றாயிருந்த டயோடுகளும் கணினிப் பெட்டியும் கருகிப் போகும். சங்கத்து வண்டியில் எவரையும் இதைச் செய்ய விடாதீர்கள்.

நீர் ஊற்றும் வகைப் பாட்டரிக்கு வாலை வடித்த நீரே ஊற்ற வேண்டும். கிணற்று நீரிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். ஏற்றத்தின்போது வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றி வெடிக்கக் கூடியது. பீடியோடு அருகில் குனிய வேண்டாம். முற்றிலும் வற்றிய பாட்டரியை ஆல்டர்னேட்டரே நிரப்பட்டுமென்று ஓட்டுவதும் நன்றன்று. அது மிகையாகச் சூடேறும். சார்ஜ் கடையில் கொடுத்து மெதுவாக ஏற்றி வாங்குவதே முறை.

மாற்றித்தான் தீர வேண்டுமென்ற நிலை வந்தால், பழைய பாட்டரியை மறவாதீர்கள். அதிலுள்ள ஈயத்திற்கு விலையுண்டு. அவ்விலை பல சங்கங்களில் வரவில் காணப்படுவதேயில்லை! 2001ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையதைத் தனியே பிரித்து, திரட்டுவோரிடமோ மறுசுழற்சி செய்வோரிடமோ ஒப்படைக்க வேண்டும்; குப்பையில் எறிதலும், தெருவில் உருக்குவோரிடம் கொடுத்தலும் ஆகா. ஈயப் புகை குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சாகும். புதியதை வாங்கும்போது பழையதற்குக் கழித்த தொகையைப் பட்டியலில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். உத்தரவாதச் சீட்டில் கடையின் முத்திரையும் தேதியும் இருக்கட்டும். செலவுச் சீட்டின் பின்புறத்தில் மூன்று எண்கள் எழுதப்படட்டும்: காலையில் ஓய்ந்த நிலையில் எத்தனை வோல்ட், செல்ப் எடுக்கையில் எத்தனை, எஞ்சின் ஓடுகையில் எத்தனை. அடுத்த ஆய்வில் நாம் முதலில் கேட்கப் போவது அந்த மூன்று எண்களையே.