ஒழுகும் குழாய் யார் பொறுப்பு?

2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் சென்னை வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் தரை தெரிய வறண்டுபோயிருந்த ஆண்டு அது. காலிக் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்த சென்னைவாசிகளுக்கு அப்போது ஒரு வாளித் தண்ணீரின் அருமை தெரிந்திருந்தது. பிறகு மழை பெய்தது, ஏரிகள் நிரம்பின. வீடுகளில் குழாய்கள் பழையபடி ஒழுகத் தொடங்கின.

இதற்கு அலட்சியத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. யார் சரிசெய்வது என்று முடிவாகாததால்தான் பல கசிவுகள் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. குடியிருப்பவர் வீட்டுக்காரரைக் கைகாட்டுவார், வீட்டுக்காரர் குடியிருப்பவரைக் கைகாட்டுவார். அடுக்குமாடிக் குடியிருப்பிலோ சங்கத்துக்கும் பில்டருக்கும் இடையே பேச்சு இழுத்துக்கொண்டே போகும். ஆனால், இந்தக் கேள்விகளில் பலவற்றுக்குச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது.

முதலில் கசிவைக் கண்டுபிடியுங்கள்

குழாயில் நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளில் 86,400 சொட்டுகள். நான்கு சொட்டுக்கு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 21 லிட்டருக்கு மேல் போகிறது. ஒரு வாஷரை மாற்றினால் தீர்ந்துவிடும் வேலை இது.

கண்ணில் படும் சொட்டைவிடக் கழிப்பறை ஃப்ளஷ் டேங்க்கின் கசிவு மோசமானது. தண்ணீர் சத்தமில்லாமல் பீங்கானின் சுவரோரமாக வழிந்துவிடும். ஃப்ளஷ் டேங்க்கில் கொஞ்சம் நீல மையையோ சமையல் வண்ணத்தையோ கலந்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள். பீங்கானுக்குள் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் வால்வு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மேல்நிலைத் தொட்டிக்கும் ஒரு சோதனை உண்டு. இரவு எல்லாக் குழாய்களையும் மூடியபின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்குமுன் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.

பழைய ஃப்ளஷ் டேங்க்குகள் ஒருமுறைக்கு 10 லிட்டர் வரை கொட்டுகின்றன. நான்கு பேர் உள்ள வீட்டில் நாளைக்கு 20 முறை என்றால் 200 லிட்டர். 3 லிட்டர், 6 லிட்டர் என்று இரண்டு பொத்தான் உள்ள டேங்க்காக மாற்றி, தேவைக்கேற்பப் பயன்படுத்தினால் இது 72 லிட்டராகக் குறையும். மிச்சமாகும் 128 லிட்டர், நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கென்று அரசு வைத்திருக்கும் 135 லிட்டர் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆர்.ஓ. கருவியின் கழிவுக்குழாயையும் கவனியுங்கள். சாதாரண வீட்டுக் கருவிகள் ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்குச் சுமார் மூன்று லிட்டரை வெளியேற்றுகின்றன. அதை ஒரு வாளியில் பிடித்தால் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஆகும். உப்பு அதிகம் என்பதால் செடிகளுக்கு மட்டும் தொடர்ந்து ஊற்றாதீர்கள்.

வாடகை வீட்டில்

தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பராமரிப்பு வேலைகளை யார் செய்வது என்று அதன் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது. குழாய், வாஷர் மாற்றுவதும் கழிப்பறை, வாஷ்பேசின் பழுது பார்ப்பதும் குடியிருப்பவர் பொறுப்பு. சுவருக்குள் ஓடும் பைப்புகளை மாற்றுவது வீட்டு உரிமையாளர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். எனவே கையெழுத்துப் போடுவதற்குமுன் அந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வாடகைத் தகராறைக் காரணம் காட்டித் தண்ணீர் இணைப்பை நிறுத்த வீட்டு உரிமையாளருக்கு உரிமை கிடையாது. அப்படிச் செய்தால் இந்தச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டுள்ள வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்து வைத்திருப்பது அப்போது கைகொடுக்கும்.

அடுக்குமாடியில்

புதுக் குடியிருப்பில் பைப் கசிந்தாலோ, காகிதத்தில் இருக்கும் மழைநீர்க் குழி தரையில் இல்லாவிட்டாலோ சங்கப் பணத்தை எடுத்துச் செலவழிக்க அவசரப்படாதீர்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ வசதிகளிலோ குறை தெரிந்து புகார் கொடுத்தால், பில்டர் 30 நாட்களுக்குள் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் மாநில ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தை அணுகலாம். புகாரை எழுத்தில், தேதியோடு, படங்களோடு அனுப்புவது முக்கியம். வாட்ஸ்அப் குழுவில் புலம்புவதைப் புகாராக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஐந்து ஆண்டு கடந்த குடியிருப்பில் பொறுப்பு சங்கத்துடையது. எல்லா வீட்டுக்கும் ஒரே பராமரிப்புக் கட்டணம் என்றால் யாருக்கும் கணக்குப் பார்க்கத் தோன்றாது. வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்து, செலவழித்த அளவுக்குக் கட்டணம் வாங்கினால் கசியும் வீடு பில்லிலேயே தெரிந்துவிடும்.

மழைநீர்: சட்டமும் சல்லடையும்

எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003இல் கட்டாயமாக்கியது. செய்யாத கட்டடத்தில் உள்ளாட்சி அமைப்பே அதை அமைத்து, செலவைச் சொத்து வரிபோல வசூலிக்கவும் வழி செய்யப்பட்டது. கணக்கைப் பாருங்கள். 1,000 சதுர அடி மொட்டைமாடி என்பது 93 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். 12,000 லிட்டர் லாரியில் எட்டு லோடுக்கும் அதிகம்.

இருபது ஆண்டுகளுக்குமுன் கட்டிய குழிகள் பல வீடுகளில் மண்ணடைத்துக் கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே மொட்டைமாடியைப் பெருக்கி, சல்லடையைக் கழுவி, குழியில் உள்ள ஜல்லியையும் மணலையும் எடுத்து அலசிப் போடுங்கள். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டபிறகு குழிக்குத் திருப்புங்கள். கழிவுநீர்த் தொட்டிக்கு அருகே இந்தக் குழி வேண்டவே வேண்டாம்.

சேமிப்பில் உள்ள ஆபத்துகள்

தெருக் குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது குற்றம். பக்கத்து வீட்டுப் பங்கு பறிபோவதோடு, குழாயில் விரிசல் இருந்தால் சாக்கடை நீரும் உள்ளே இழுக்கப்படும். அதைக் குடிக்கப்போவது உறிஞ்சியவர் வீட்டுப் பிள்ளைகளும்தான்.

பிடித்துவைத்த நல்ல தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் போதும். முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் உயிரோடிருக்கும். அதனால் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, மூடிவைக்க வேண்டும்.

சம்ப் மூடி எப்போதும் பூட்டியிருக்கட்டும், குழந்தைகள் தவறி விழுந்த சம்பவங்கள் உண்டு. நெடுநாள் மூடிக்கிடந்த சம்புக்குள் பிராணவாயு குறைந்திருக்கும். காற்றோட்டம் இல்லாமல் யாரையும் இறக்கிவிடாதீர்கள். உள்ளே ஒருவர் மயங்கினால் பதறி இறங்குபவரும் சிக்கிக்கொள்வார். உடனே தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

எங்கே முறையிடுவது?

மாசற்ற நீர் கிடைப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. எனவே தெருக்குழாய் உடைந்தாலோ, குடிநீரில் சாக்கடை வாடை வந்தாலோ நீங்கள் கேட்பது சலுகை அல்ல.

சென்னையில் குடிநீர் வாரியத்தை 1916 என்ற எண்ணில் அழைத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களில் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். முதலமைச்சரின் உதவி எண் 1100க்கும் சொல்லலாம். பதில் வராவிட்டால், புகார் என்ன ஆனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். காசு வாங்கிக்கொண்டு பழுதான சுத்திகரிப்புக் கருவியை விற்றவர் மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.

கசிவு உங்கள் பொறுப்பென்றால் இந்த வாரமே பிளம்பரை வரச்சொல்லுங்கள். மற்றவர் பொறுப்பென்றால் இன்றே எழுத்தில் கொடுங்கள்.