உப்பளக் கரையில் ஆட்டிசம்: பெற்றோர் குழு ஆறுதலுக்கு மட்டுமன்று, உரிமைக்கும்

மரக்காணம் உப்பளங்களில் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரையேற்ற வேண்டும். அந்த வேலைக்குச் செல்லும் ஒரு தாய்க்கு, நான்கு வயதாகியும் பேசாத, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராத மகன் ஒருவன் இருப்பதாகக் கொள்வோம். மிதிவண்டிச் சக்கரத்தைச் சுழற்றியபடி அவன் நெடுநேரம் அமர்ந்திருப்பான். குக்கர் விசில் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். அங்கன்வாடியில் ‘அடங்காத பிள்ளை’ என்கிறார்கள். உறவினர்கள் ‘அவன் அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்’ என்கிறார்கள். கருவுற்றிருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்ததுதான் காரணம் என்கிறார் மாமியார். ஆட்டிசம் என்ற சொல்லை மட்டும் அவரிடம் எவரும் சொல்லவில்லை.

சென்னையில் கணினி வேலையில் இருக்கும் ஒரு பெற்றோருக்கு இதே ஐயம் எழுந்தால், கைப்பேசியில் ஒரு பெற்றோர் குழுவைக் கண்டுபிடித்துவிடுவார். எந்த மருத்துவரிடம் போவது, எந்தச் சான்று வாங்குவது என்பதற்கு அன்றே விடை கிடைத்துவிடும். இவ்விரு பெற்றோருக்கும் இடையே இருப்பது இணைய வசதியின் இடைவெளி மட்டுமன்று. சாதி, வர்க்கம், மொழி ஆகிய மூன்றும் சேர்ந்து உண்டாக்கிய இடைவெளி அது. உப்பளத் தாய்க்கான இணையவழிக் குழுவை எப்படிக் கட்டுவது, அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

‘படித்தவர் வீட்டுப் பிரச்சினை’ என்னும் கட்டுக்கதை

அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசம் பற்றிய தம் முதல் கட்டுரையை வெளியிட்டார். அக்குழந்தைகளின் பெற்றோரில் பலர் நன்கு படித்தவர்கள். அக்காலத்தில் அத்தகைய மருத்துவரை அணுகும் வசதி அவர்களுக்கே இருந்தது என்பதை மறந்து, ஆட்டிசம் மேல்தட்டுக் குடும்பங்களுக்கே உரியது என்ற எண்ணம் பரவிற்று. அடுத்து, தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்ற கொடுமையான கோட்பாடும் எழுந்தது. அக்கோட்பாட்டை உடைத்தவர்களுள் முதன்மையானவர் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்னும் உளவியலாளர். அவரும் ஆட்டிச நிலைக் குழந்தை ஒன்றின் தந்தையே. 1964இல் நூல் எழுதிய அவர், மறு ஆண்டே பிற பெற்றோருடன் சேர்ந்து தேசிய அளவில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1962இல், பிரிட்டனிலும் பெற்றோர்கள் சங்கம் கண்டிருந்தனர்.

இந்தியாவில் 1991இல் டெல்லியில் ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ அமைப்பைத் தொடங்கிய மெரி பரூவாவும் ஒரு தாயே. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் ஆட்டிசம் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அது இடம்பெற்றது. 21 வகைகளை ஏற்ற 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் அதற்கு முழு உரிமைத் தகுதியை அளித்தது. பெற்றோர் அமைப்புகளின் நெடிய உழைப்பு இதன் பின்னே உண்டு.

தமிழில் இந்த உரையாடலை வளர்த்தவர்களுள் எழுத்தாளர் யெஸ். பாலபாரதி குறிப்பிடத்தக்கவர். ஆட்டிச நிலைக் குழந்தையின் தந்தையான அவர் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ என்ற நூலையும் ‘துலக்கம்’ என்ற நாவலையும் எழுதியுள்ளார். அரசு ஆவணங்களோ ஆட்டிசத்தைப் ‘புற உலகச் சிந்தனையற்ற’ நிலை என்று எழுதி வந்துள்ளன. புற உலகின் ஒவ்வோர் ஒலியும் ஒளியும் தாங்கவொண்ணா வகையில் தாக்குவதால் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைக்கு இப்படியொரு பெயர்! பெயரிடும் அதிகாரம் எவரிடம் இருக்கிறது என்ற கேள்வி தலித் அரசியலுக்குப் புதிதன்று.

குழுவுக்குள் நுழையும் சாதி

பொதுவான பெற்றோர் குழுக்களில் எவரும் சாதியைக் கேட்பதில்லை. ஆயினும் அது அங்கே இருக்கிறது. ஒரு மணி நேரப் பயிற்சிக்கு நூற்றுக்கணக்கான ரூபாய் கட்டணம், கோதுமை நீக்கிய சிறப்பு உணவு, வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டு குழந்தையுடன் நேரம் செலவிடுங்கள் என்ற அறிவுரை ஆகியவை ஆங்கிலத்திலும் ஆங்கிலம் கலந்த தமிழிலும் ஓடிக்கொண்டிருக்கையில், அந்த வீட்டு வேலைக்குப் போகும் பெண் குழுவிலிருந்து ஓசையின்றி வெளியேறிவிடுவார். எவரும் அவரை வெளியேற்றவில்லை. அவர் இருப்பதற்கான இடம் அங்கே அமைக்கப்படவில்லை.

பதன் ஜமால் வலி வழக்கில் 2021 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பட்டியல் சாதியைச் சேர்ந்த பார்வையற்ற பெண் ஒருவர் மீதான பாலியல் வன்கொடுமையை ஆராய்ந்தது. சாதி, பாலினம், மாற்றுத்திறன் ஆகியவற்றால் வரும் ஒடுக்குமுறைகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க இயலாது. அவை ஒன்றோடொன்று பின்னி ஒருவரைத் தாக்குகின்றன என்று அத்தீர்ப்பு விளக்கிற்று. பெற்றோர் குழுவைக் கட்டுவோரும் இதே பார்வையோடு தொடங்க வேண்டும்.

உப்பளத்தின் நேரத்துக்கு ஏற்ற குழு

முதலில் கைப்பேசி யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் திறன்பேசி ஒன்றே; அது கணவரிடமோ கல்லூரி செல்லும் மகனிடமோ இருக்கும். ஆகவே தாய் கைப்பேசியைத் தொடும் நேரமே குழுவின் நேரமாக வேண்டும். இரண்டாவதாக, எழுத்தை நம்பாமல் குரலை நம்ப வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மிகாத குரல் பதிவு, படிக்கத் தெரியாதவருக்கும் எட்டும். இணையச் செலவும் காணொளியைவிடக் குறைவு. மூன்றாவதாக, குழு சிறியதாக, ஒரு வட்டாரத்துக்குள் அமைய வேண்டும். மாநிலமெங்கும் ஆயிரம் பேர் உள்ள குழுவில் கேட்கத் தயங்கும் கேள்வியை, இருபது பேர் உள்ள குழுவில் கேட்கலாம்.

நான்காவதாக, நிர்வாகப் பொறுப்பில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துத் தாய்மார்களே இருக்க வேண்டும். வழக்குரைஞரும் சிறப்பாசிரியரும் அழைக்கும்போது வந்து பதில் சொல்லும் உறுப்பினர்களாக இருந்தால் போதும். ஐந்தாவதாக, மழைக்காலத்தைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் உப்பளங்களில் வேலை இராது. நேரடிக் கூட்டங்களையும் சான்றிதழ்ப் பயணங்களையும் அம்மாதங்களில் வைத்தால் கூலி இழப்பு குறையும். திரையில் மட்டுமே வாழும் குழு நீடிக்காது.

நீர் சூழ்ந்த ஊரும் எல்லை அறியாக் குழந்தையும்

ஆட்டிச நிலைக் குழந்தைகள் பலர் சட்டென வீட்டை விட்டு வெளியேறிச் செல்வார்கள். நீரின்பால் பெரிதும் ஈர்க்கப்படுவார்கள். பக்கிங்ஹாம் கால்வாய், கழுவேலி, உப்புப் பாத்திகள், கடல் என நாற்புறமும் நீர் உள்ள மரக்காணத்தில் இது உயிர்ப் பிரச்சினை. பெயர் சொல்லிக் கூவினால் அக்குழந்தை பதில் சொல்லாது என்பதை முதலில் ஊர் அறிய வேண்டும். குழுவில் செய்தி வந்தவுடன் அருகில் இருப்பவர் தேட வேண்டிய முதல் இடம் நீர்நிலை. அதன் பிறகே தெருவும் பேருந்து நிலையமும். 112க்கும் குழந்தைகள் உதவி எண் 1098க்கும் ஒருவர் உடனே அழைக்க வேண்டும். குழந்தை கிடைத்ததும் அதன் படத்தை அனைவரும் அழித்துவிட வேண்டும்.

இதில் இன்னொன்றும் உண்டு. 2013 ஏப்ரல் 25 அன்று தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்ட மண் இது. ஊருக்கும் காலனிக்கும் இடையிலுள்ள எல்லையைப் பெரியவர்கள் நன்கு அறிவர். ஆட்டிச நிலைக் குழந்தை அறியாது. மின்விசிறி சுழலும் எந்த வீட்டுக்குள்ளும் அது நுழைந்துவிடும். அங்கே அக்குழந்தைக்கு என்ன நேரும் என்ற அச்சம், நகரத்துப் பெற்றோர் குழுக்களில் பேசப்படாத அச்சம். ஆகவே அங்கன்வாடிப் பணியாளர், ஆட்டோ ஓட்டுநர், மீனவக் கிராமத்து இளைஞர் ஆகியோர் கொண்ட தனி எச்சரிக்கைக் குழு ஒன்று, பெற்றோர் குழுவுக்கு வெளியே இருப்பது நல்லது.

ஆறுதலிலிருந்து மனுவுக்கு

இனி உரிமைகளுக்கு வருவோம். தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்க வேண்டும். ஐயமுள்ள குழந்தையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆட்டிச மதிப்பீட்டுக்கு 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல் உள்ளது. குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் எனச் சான்று பெற்றால்தான் பெரும்பாலான உரிமைகள் திறக்கும். ஆனால் மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போய், பேருந்து மாறி, விழுப்புரம் அடைந்து திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்று ஒருமுறை சொல்லப்பட்டாலே பல தாய்மார்கள் முயற்சியைக் கைவிடுவார்கள்.

தனி ஒருவரின் அலைச்சலைக் கூட்டு மனுவாக மாற்றும் வேலையைக் குழு இங்கே செய்யலாம். ஒரு வட்டாரத்தில் பத்துக் குழந்தைகள் இருப்பதாகப் பெயர்ப்பட்டியலுடன் ஆட்சியரிடம் மனு கொடுத்தால், மதிப்பீட்டு முகாமை மரக்காணத்திலேயே நடத்தக் கோரலாம். பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் இயங்குகிறது. அதன் வல்லுநர்களை அம்முகாமுக்கு அழைக்குமாறும் கேட்கலாம்.

சட்டத்தின் 16ஆம் பிரிவு, பாகுபாடின்றிப் பள்ளியில் சேர்ப்பதைக் கடமையாக்குகிறது. 31ஆம் பிரிவு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதிசெய்கிறது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம், ஆட்டிச நிலையிலுள்ள 5 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற இடைக்கால அளவை ஏற்றது. 2025 மார்ச்சில் பணியிடங்களை அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. மரக்காணம் வட்டார வள மையத்தில் எத்தனை சிறப்பாசிரியர்கள், எத்தனை குழந்தைகள் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பது குழுவின் முதல் சட்டப் பணியாகட்டும்.

24ஆம் பிரிவு, சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி, பிறருக்கு வழங்குவதைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. குழந்தையைப் பொதுவிடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 92ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அந்த இழிவில் சாதியும் கலந்திருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்த்தே முதல் தகவல் அறிக்கை பதியப்பட வேண்டும். இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு குரல் பதிவுக்குரிய செய்தி.

குழு காக்க வேண்டிய வரம்புகள்

துயரத்தில் இருப்பவரிடம் பொய் மருந்து எளிதில் விலைபோகும். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற செய்தி இன்றும் சுற்றுகிறது. அதற்கு மூலமான 1998ஆம் ஆண்டின் கட்டுரையை வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆட்டிசத்துக்குக் குருத்தணு சிகிச்சையைப் பரிந்துரைக்க இயலாது என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் கூறியது. ‘முற்றிலும் குணமாக்குகிறோம்’ என்று பணம் கேட்கும் எந்தச் செய்தியையும் குழுவில் அனுமதிக்கலாகாது. ஆட்டிசம் வாழ்நாள் முழுவதும் உள்ள நிலை. குழந்தைக்குத் தேவைப்படுவன பயிற்சியும் புரிதலும் பள்ளியுமே.

அதுபோலவே, குழந்தை அழும், ஆடை களையும், தலையை மோதிக்கொள்ளும் காட்சிகளைப் பகிரக் கூடாது. ஆதார், சாதிச் சான்று, மருத்துவச் சான்று ஆகியவற்றின் படங்களைக் குழுவில் இடவே கூடாது. உதவி கேட்பதற்காக ஒரு குழந்தை தன் மானத்தை இழக்க வேண்டியதில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017ஆம் ஆண்டின் தீர்ப்பு, பேசாத குழந்தைக்கும் பொருந்தும்.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காகப் போராடிவரும் பெரிய சங்கம் ஒன்றின் பெயரிலேயே ‘பாதுகாப்போர் உரிமைகள்’ என்ற சொல் இடம்பெற்றிருக்கிறது. பராமரிக்கும் தாயும் உரிமை உடையவர் என்பதை அச்சொல் நினைவூட்டுகிறது. கல்லூரி மாணவத் தோழர்கள் இதற்குச் செய்யக்கூடியது பெரிதன்று: தம் தெருவில் ‘அடங்காத பிள்ளை’ என்று அழைக்கப்படும் ஒரு குழந்தையின் தாயிடம் சென்று, அவர் சொல்வதைக் கேட்டு, மனுவாக எழுதித் தருவது. அடுத்த வாரம் அத்தாய் இன்னொரு தாயை அழைத்துவருவார். குழு அங்கிருந்து தொடங்கும்.