விளையாட்டுக் கணிப்பொறியும் கோடை வெப்பமும்

தாய்ப்பலகையையும் குளிர்விப்பானையும் தேர்ந்தெடுக்கும் முறை

பள்ளிப் பாடங்களுக்கும் அலுவலகப் பணிகளுக்குமென வாங்கப்படும் கணிப்பொறி, இல்லத்து இளைஞர்களின் வேண்டுகோளுக்கிணங்க, விளையாட்டுகளுக்கும் ஏற்றதாக இருத்தல் வேண்டுமென்று இப்பொழுது எதிர்பார்க்கப்படுகிறது. முப்பரிமாணக் காட்சிகளை நொடிக்கு அறுபது முறையோ அதற்கு மேலோ திரையில் தீட்ட வேண்டியிருப்பதால், இவ்விளையாட்டுகள் கணிப்பொறியை மணிக்கணக்கில் கடும் உழைப்பிற்கு உட்படுத்துகின்றன. ஆதலின் உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்து வாங்கிப் பொருத்திக் கொள்ளும் வழக்கம் பரவி வருகிறது.

அவ்வாறு வாங்குவோர் பெரிதும் குழப்பமடைவது இரண்டு உறுப்புகளைப் பற்றியே. ஒன்று, எல்லா உறுப்புகளையும் தன்மீது தாங்கி இணைக்கும் தாய்ப்பலகை. கடைகளில் இது மதர்போர்டு எனப்படும். மற்றொன்று, செயலியின் வெப்பத்தை வெளியேற்றும் குளிர்விப்பான். இது கூலர் என வழங்கும். இவற்றைப் பற்றி வெளியாகும் சோதனை முடிவுகள் பெரும்பாலும் இருபது முதல் இருபத்தைந்து டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள அறைகளில் கண்டவை. நம் நாட்டின் நிலையோ வேறு. இராஜஸ்தானத்திலுள்ள பலோடியில் 2016 மே 19 ஆம் நாள் 51 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. அத்துணைக் கடுமை எங்கும் இல்லையாயினும், வடநாட்டு, தக்காணத்துக் கோடையில் குளிர்சாதனமில்லாத அறை 40 டிகிரியை எட்டுவது அரிதன்று. எனவே நமது தேர்வு விளம்பர அட்டையிலிருந்து தொடங்குதல் கூடாது. செயலி உட்கொள்ளும் மின்சக்தியிலிருந்தும், அது இயங்கப் போகும் அறையின் உஷ்ணநிலையிலிருந்தும் தொடங்குதல் வேண்டும்.

செயலியே முதற்கண் முடிவு செய்யத் தக்கது

செயலி இன்னதென்று தீர்மானித்த பின்னரே தாய்ப்பலகையைப் பற்றி எண்ண வேண்டும். விளக்கத்திற்காக இரண்டு செயலிகளை எடுத்துக் கொள்வோம். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 7600 என்பதன் பெட்டியில் 65 வாட் என்று குறிக்கப்பட்டிருப்பினும், அது 88 வாட் வரை மின்சக்தியைப் பெற அனுமதிக்கப்பட்டுள்ளது. இன்டெல் நிறுவனம் 2022 இல் வெளியிட்ட கோர் ஐ9-13900கே என்பதற்கு அடிப்படை அளவு 125 வாட். உச்ச அளவு 253 வாட். பெட்டியின் மீதுள்ள சிறிய எண்ணை நோக்காது, உச்ச அளவையே கருத்திற் கொள்ள வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

விளையாட்டின்போது செயலிகள் பொதுவாக இவ்வுச்ச அளவை எட்டுவதில்லை. ஆயினும் திரைப்படத் தொகுப்பு, கணக்கீடு போன்ற பணிகளில் எட்டக்கூடும். செயலி உட்கொள்ளும் மின்சக்தி அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது என்பதை மறத்தலாகாது.

ஓர் எளிய கணக்கு

ஆசிரியர்கள் வகுப்பிலும் செய்து காட்டத்தக்க கணக்கொன்று உண்டு. செயலியிலிருந்து காற்றிற்கு வெப்பம் செல்லும் பாதையில் ஒரு தடை உள்ளது. ஒரு வாட் வெப்பத்திற்குச் செயலியின் உஷ்ணநிலை சுற்றியுள்ள காற்றினும் எத்தனை டிகிரி மிகும் என்பதே அத்தடையின் அளவாகும். சிறிய குளிர்விப்பான் ஒன்றின் தடையை 0.6 என்றும், உயரமான ஒன்றின் தடையை 0.4 என்றும் கணக்கிற்காக வைத்துக் கொள்வோம்.

88 வாட் செயலி, சிறிய குளிர்விப்பானின் கீழ், காற்றைவிட ஏறத்தாழ 53 டிகிரி மிகுதியாகச் சூடேறும். காற்று 25 டிகிரியாயின் செயலி 78 டிகிரியில் நிற்கும். இதில் இடையூறு ஏதுமில்லை. காற்று 42 டிகிரியாயின் செயலி 95 டிகிரியைத் தொடும். ரைசன் 7600 க்கு வகுக்கப்பட்டுள்ள எல்லையும் அதுவே. பெட்டிக்குள் கிராபிக்ஸ் கார்டு வெளிவிடும் சூட்டையும் சேர்த்தால் அவ்வெல்லை கடக்கப்படும். உயரமான குளிர்விப்பானின் கீழ் இதே செயலி, இதே கோடையில், 77 டிகிரியில் அமைதியாக இயங்கும்.

253 வாட் செயலியின் கணக்கோ திகைப்பூட்டுவது. 0.4 தடையுள்ள குளிர்விப்பானின் கீழும் அது காற்றைவிட 101 டிகிரி மிக வேண்டியிருக்கும். அதன் எல்லை 100 டிகிரியே.

எல்லையை எட்டிய செயலி எரிந்து போவதில்லை; தன்னைக் காத்துக் கொள்ளும்பொருட்டு வேகத்தைத் தானே குறைத்துக் கொள்கிறது. அதாவது, விலை கொடுத்து வாங்கிய வேகம் மே மாதத்தில் கைக்கு எட்டாமற் போகிறது. காரணம் அறியாதோர் செயலி பழுதென்று கருதிப் புதியதொன்றை வாங்க முற்படுவர்.

குளிர்விப்பான்கள்

ரைசன் 7600 இன் பெட்டியிலேயே சிறிய குளிர்விப்பான் ஒன்று வைத்து அளிக்கப்படுகிறது. குளிர்சாதன வசதியுள்ள அறைக்கும் மலைப்பிரதேசங்களுக்கும் அது போதும். சமவெளியில் வாழ்வோர், 120 மில்லி மீட்டர் விசிறியும் நான்கு வெப்பக் குழாய்களும் கொண்ட கோபுர வடிவக் குளிர்விப்பானை நாடுதல் நலம்.

ஹீட் பைப் எனப்படும் இவ்வெப்பக் குழாயின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிச் சாலையில் ஜார்ஜ் குரோவர் என்பார் 1963 இல் இதனை உருவாக்கினார். விண்வெளிச் சாதனங்களில் வெப்பத்தைக் கடத்துவதே அன்றைய நோக்கம். மூடிய செப்புக் குழாயில் சிறிது நீர் குறைந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். அழுத்தம் குறைவாதலின் நீர் குறைந்த உஷ்ணத்திலேயே ஆவியாகிறது. ஆவி மறுமுனையிலுள்ள அலுமினியத் தகடுகளை அடைந்து, வெப்பத்தைத் தந்து, மீண்டும் நீராகிறது. குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைப் பொருள், விளக்குத்திரி எண்ணெயை ஈர்ப்பது போல, அந்நீரைத் திரும்பக் கொணர்கிறது.

பம்பும் திரவமும் கொண்ட குளிர்விப்பான்களும் கிடைக்கின்றன. 200 வாட்டுக்கு மேற்பட்ட செயலிகளுக்கு அவை பயன்படும். ஆனால் அவற்றில் பம்பு தேய்வதற்கும் திரவம் கசிவதற்கும் இடமுண்டு. விற்பனை நிலையங்கள் தொலைவிலுள்ள ஊர்களில் பணிபுரிவோருக்கு, விசிறி ஒன்றை மட்டும் மாற்றிப் பழுது நீக்கத்தக்க கோபுர வகையே உகந்தது. எவ்வகையாயினும் அறைக் காற்றினும் குளிர்ந்த நிலைக்குச் செயலியைக் கொண்டு செல்ல இவற்றால் இயலாது.

வாங்குமுன் குளிர்விப்பானின் உயரத்தையும் கேபினெட்டின் உள்ளகலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தல் அவசியம். கோபுர வகைகள் பெரும்பாலும் 150 முதல் 165 மில்லி மீட்டர் வரை உயரமுடையவை. பூட்டும் சட்டங்களும் செயலிக்கேற்ப வேறுபடும். ஏ.எம்.4 பலகைக்கு வாங்கியது பெரும்பாலும் ஏ.எம்.5 பலகைக்கும் பொருந்தும். இன்டெலின் எல்.ஜி.ஏ. 1200 பலகையில் துளைகளின் இடைவெளி 75 மில்லி மீட்டர், எல்.ஜி.ஏ. 1700 பலகையில் 78 மில்லி மீட்டர்.

தாய்ப்பலகையில் நோக்க வேண்டியவை

தாய்ப்பலகை விலையுயர்ந்ததாயின் விளையாட்டு வேகமாக ஓடும் என்பது தவறான எண்ணமாகும். ஒரே செயலியை நடுத்தர பி650 பலகையிலும் உயர்தர எக்ஸ்670 பலகையிலும் பொருத்தினால், விளையாட்டின் வேகத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படுவதில்லை. மிகுவது இணைப்பு வசதிகளே. அவை வேண்டாதவர் அத்தொகையைக் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கினால் பயன் நேரே திரையில் தெரியும்.

ஆயினும் மலிவிற்கும் ஓர் எல்லை உண்டு. எஸ்.எம்.பி.எஸ். அளிக்கும் 12 வோல்ட் மின்சாரத்தைச் செயலிக்கேற்ற 1.25 வோல்ட் அளவிற்குக் குறைக்கும் மின்மாற்றுப் பகுதி தாய்ப்பலகையிலேயே உள்ளது. அழுத்தம் குறையவே மின்னோட்டம் பெருகும். 88 வாட்டுக்குச் சுமார் 70 ஆம்பியர். 253 வாட்டுக்குச் சுமார் 200 ஆம்பியர். வீட்டில் வெந்நீர்ச் சாதனத்திற்கென அமைந்த 16 ஆம்பியர் பிளக்குடன் இதனை ஒப்பிட்டு நோக்குக. ஒரே தடையில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப வளருமாதலின், பின்னதில் அது எட்டு மடங்கிற்கும் மேலாகும். ஆகவே இப்பகுதியின் மீது அலுமினிய வெப்பத்தகடு மூடியுள்ள பலகையையே கோடைவெப்பமுள்ள ஊர்களில் வாங்க வேண்டும்.

மேலும் கவனிக்கத் தக்கன இவை:

செயலி அமரும் சாக்கெட்: ரைசன் 7600 க்கு ஏ.எம்.5. 2022 இல் வந்த இச்சாக்கெட்டில் 2024 இல் வெளியான ரைசன் 9000 வரிசையும் பொருந்துவதால், பின்னாளில் செயலியை மட்டும் மாற்ற வழியுண்டு. எல்.ஜி.ஏ. 1700 இன் பின் இன்டெல் 2024 இல் எல்.ஜி.ஏ. 1851 க்கு மாறிவிட்டது.

நினைவகம்: ஏ.எம்.5 பலகைகள் டி.டி.ஆர்.5 வகையை மட்டுமே ஏற்கும். எல்.ஜி.ஏ. 1700 பலகைகளில் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என இருவகையும் உண்டு. ஒன்றிற்கு உரியது மற்றதில் நுழையாது.

அளவு: ஏ.டி.எக்ஸ். 305 க்கு 244 மில்லி மீட்டர், மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244 க்கு 244. ஒரே கிராபிக்ஸ் கார்டு உள்ள இல்லத்திற்குப் பின்னதே போதும்.

பயாஸ் திருத்தங்கள்: இன்டெலின் 13, 14 ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகள் சிலவற்றில் தோன்றிய நிலைகுலைவிற்கு, மிகுதியான மின்னழுத்தம் கோரப்பட்டதே காரணமென 2024 இல் அந்நிறுவனம் அறிவித்தது. அதற்குரிய திருத்தம் தாய்ப்பலகையின் பயாஸ் வழியாகவே வழங்கப்பட்டது. ஆதலால் பலகையை வாங்கியவுடன் பயாஸைப் புதுப்பித்தல் கடமையெனக் கொள்ள வேண்டும்.

பொருத்துதலும் பேணுதலும்

செயலிக்கும் குளிர்விப்பானுக்குமிடையே கண்ணுக்குப் புலனாகாத காற்றிடைவெளிகள் உண்டு. காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். அவற்றை நிரப்பவே தெர்மல் பேஸ்ட் பூசப்படுகிறது, பட்டாணியளவு போதும். குளிர்விப்பானின் அடியில் ஒட்டியுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறத்தலாகாது. திருகுகளை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும்.

தூசி நமது இரண்டாம் பகை. மூன்று மாதத்திற்கு ஒருமுறை மின்னிணைப்பை நீக்கி, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக் கொண்டு, மென்மையான தூரிகையால் துடைத்தல் நன்று. கேபினெட்டின் பின்புறம் சுவரை ஒட்டலாகாது. நீரால் இயங்கும் ஏர் கூலரின் ஈரக்காற்று நேரே கணிப்பொறியின் மீது படலாகாது. பணி மாற்றலாகி வேற்றூர் செல்வோர், கனமான கோபுரக் குளிர்விப்பானைக் கழற்றித் தனியே கட்டிக் கொண்டு செல்வது நலம். லாரியின் குலுக்கலில் அதன் எடை தாய்ப்பலகையை வளைத்துவிடக்கூடும்.

சுருங்கக் கூறின், 88 வாட் செயலி, வெப்பத்தகடுள்ள நடுத்தரப் பலகை, நான்கு குழாய்க் கோபுரக் குளிர்விப்பான் ஆகிய மூன்றும் சேர்ந்த கணிப்பொறி நமது கோடையிலும் சோர்வின்றி இயங்கும். குடும்ப வருவாயில் கணிசமான பகுதியைச் செலவிட்டு வாங்கும் சாதனமாதலின், ஒளிரும் விளக்குகளைக் காணுமுன் உச்ச வாட் அளவைக் கேட்டறிவதே அறிவுடைமையாகும்.