நகையும் நிலையாமையும்: ‘நீர்க்குமிழி’ திரைப்பட மதிப்பீடு குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

கே. பாலசந்தர் இயக்கிய முதல் திரைப்படமான ‘நீர்க்குமிழி’ 1965ஆம் ஆண்டு வெளியானது. அதே பெயரில் அவர் எழுதிய மேடை நாடகமே அதன் மூலம். புற்றுநோய்க்கு ஆளாகி மருத்துவமனையில் தங்கியிருக்கும் சேது என்னும் குறும்புக்கார இளைஞனாக நாகேஷ் நடித்துள்ளார். இயக்குநரின் தொடக்க முயற்சி, மேடைத் தன்மை மிகுந்த காட்சியமைப்பு, நகைச்சுவை நடிகர் கதைத்தலைவரானமை ஆகியவற்றைச் சுற்றியே இப்படத்தைப் பற்றிய மதிப்பீடுகள் பெரிதும் அமைகின்றன. இப்படத்தில் நகைச்சுவையே துயரத்தைத் தோற்றுவிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

பணியாளரும் நோயாளியும்

ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) படமும் மருத்துவமனையைக் களமாகக் கொண்டது. அதில் முத்துராமன் புற்றுநோயாளி. நாகேஷ் மருத்துவமனைப் பணியாளர். துயரும் வேடிக்கையும் தனித்தனி இழைகளாகச் செல்வதால், அழுத பார்வையாளர் சற்றே ஆறுதல் பெறுகிறார். ‘நீர்க்குமிழி’யில் அவ்விரு இழைகளும் ஒரே பாத்திரத்தில் பிணைகின்றன. சிரிக்க வைப்பவனே இறக்கவிருப்பவன் என்பதால் அவ்வாறுதலுக்கு இடமில்லை.

மெய்ப்பாட்டு நோக்கு

எள்ளலோடு இளமையும் பேதைமையும் மடனும் நகைக்குரிய நிலைக்களன்கள் எனத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கிறது. சேதுவின் குறும்பு இளமையிற் பிறப்பது. அவன் குறும்பு செய்யும் காட்சிகளில் தன் நோயின் இயல்பை அறியான். மருத்துவர் அறிவர், பார்வையாளரும் அறிவர். எனவே அவனுக்கு நகையாக இருப்பது காண்போர்க்கு இழவு பற்றிய அழுகையாக மாறுகிறது. ஒரே செயல் இரு மெய்ப்பாடுகளைத் தருவதற்கு இவ்வறிவு வேறுபாடே காரணம்.

தலைப்பின் மரபு

நாலடியாரின் ‘யாக்கை நிலையாமை’ உடம்பையும், குமரகுருபரரின் நீதிநெறி விளக்கம் இளமையையும் நீர்க்குமிழிக்கு ஒப்பிடுகின்றன. அந்நூல்கள் நிலையாமையைக் கேட்போர்க்கு நேரே உணர்த்துகின்றன. படத்திலோ, குமிழியாக வாழ்பவனுக்கே அவ்வறிவு மறுக்கப்படுகிறது. சுரதா இயற்றிச் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய நிலையாமைப் பாடலையும் இப்பின்னணியில் வைத்துக் கேட்க வேண்டும்.

ஒப்பீடு

ரிஷிகேஷ் முகர்ஜியின் ‘ஆனந்த்’ (1971) படத்தில் ராஜேஷ் கன்னா ஏற்ற நாயகன் தன் நோயை அறிந்தே சிரிக்கிறான். வில் ரைசர் தம் நோயனுபவத்திலிருந்து எழுதிய ‘ஃபிஃப்டி ஃபிஃப்டி’ (2011) என்னும் அமெரிக்கப் படத்தின் இளைஞனும் தன் நிலையை அறிந்தவனே. அவ்விருவரின் நகை மரணத்திற்கு அவர்கள் தரும் விடை. சேதுவுக்கோ வினாவே சொல்லப்படவில்லை. மூன்றையும் ‘சிரித்தபடி சாவை எதிர்கொள்ளல்’ என ஒரே வகைக்குள் அடக்குவது பொருந்தாது.

முடிவுரை

அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 1954இல் தொடங்கப்பட்டிருந்தபோதும், படம் வெளிவந்த காலத்தில் அந்நோய் மரணத்தின் மறுபெயராகவே கருதப்பட்டது. இரக்கத்தால் நோயாளியிடம் உண்மையை மறைக்கும் வழக்கம் இன்றும் குடும்பங்களில் உண்டு. அவ்விரக்கம் நோயாளியின் அறியும் உரிமையைப் பறிக்கலாகுமா என்ற வினாவைப் பார்வையாளரின் சிரிப்புக்குள்ளேயே வைத்தமை ‘நீர்க்குமிழி’யின் தனித்தன்மை. அதன் மதிப்பீடு இவ்வினாவையும் உட்கொள்ளுதல் தகும்.