ஆங்கில எழுத்துக்கூட்டல்: விதிகளும் அவற்றைக் கற்பித்தலும்

ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு விதியே கிடையாது, மனனஞ் செய்வதே வழி என்னும் எண்ணம் நமது பாடசாலைகளில் ஒரு மரபாகவே வேரூன்றியுள்ளது. 'சீ-ஏ-ரீ கற்' என உரத்துச் சொல்லுதல், பின்னர் சொல்வதெழுதல், பிழைத்த சொல்லைப் பலமுறை எழுதுதல் என்னும் முறையிற் கற்றவர்களே நம்மிற் பலர். ஆங்கில நூல்களும் ஆங்கிலம் பேசும் பெற்றோரும் உள்ள வீட்டுப் பிள்ளை, எழுத்துக்கூட்டலின் ஒழுங்குகளைத் தன்னையறியாமலே வாசிப்பினூடாகப் பெற்றுக்கொள்கிறது. வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலத்தைக் காணாத பிள்ளைக்கோ அவை எடுத்துச் சொல்லப்பட்டாலன்றிக் கிட்டுவதில்லை. விதி இல்லை என்ற கூற்றினால் இழப்பவர் யார் என்பது இதிலிருந்தே தெளிவாகும்.

பிரச்சினையின் அடிப்படை எளிமையானது. ஆங்கில எழுத்துக்கள் 26. பிரித்தானியத் தரப் பேச்சிலுள்ள ஒலியன்களோ ஏறத்தாழ 44. உயிரொலிகள் மட்டுமே ஏறத்தாழ இருபதாக இருக்க, அவற்றுக்கான எழுத்துக்கள் ஐந்தே. எனவே ஓர் எழுத்தின் ஒலியை அதன் அயலிலுள்ள எழுத்தே பெரிதும் தீர்மானிக்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கு இது புதிய செய்தியன்று. 'கல்', 'சங்கு', 'அகம்' என்பவற்றில் ககரம் மூவகையாக ஒலிப்பதை யாரும் அதற்கு மனனஞ் செய்வித்ததில்லை. ஈ, ஐ, வை ஆகிய எழுத்துக்களின் முன் 'சீ' என்னும் எழுத்து சகரமாகவும், பிற இடங்களிற் பெரும்பாலும் ககரமாகவும் ஒலிக்கும் என்ற விதி இத்தகையதே. தன் மொழியிற் பிள்ளை ஏலவே கையாளும் அறிவை ஆங்கில வகுப்பு பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது நமக்கு வியப்பளிக்கிறது.

சொல்லிறுதியில் ஒலிக்காது நிற்கும் 'ஈ' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். 'ஹற்' (தொப்பி) என்பதன் ஈற்றில் அதனைச் சேர்த்தால் 'ஹேற்' (வெறுப்பு) ஆகிறது. தான் ஒலியாது முன்னுள்ள உயிரின் ஒலியை மாற்றுவதே அதன் பணி. ஆயின் அது என்றும் ஊமையாக இருந்ததில்லை. இன்று 'நேம்' என ஒலிக்கும் சொல் மத்தியகால ஆங்கிலத்தில் ஏறத்தாழ 'நாம' என்றே ஒலித்தது. (வடமொழி 'நாமம்' நினைவுக்கு வருவது தற்செயலன்று, இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்தின.) இறுதி உயிர் தேய்ந்து மறைந்தது, முன்னிருந்த நெடிலும் 15ஆம் நூற்றாண்டு தொடக்கம் நிகழ்ந்த பெரும் உயிரொலி மாற்றத்தில் இடம்பெயர்ந்தது, எழுத்து மட்டும் நிலைத்துவிட்டது. அதற்குப் புதிய பணி உண்டென்பதை விதியாக வகுத்தவர்களுள் ஒருவர், 1582இல் நூலெழுதிய இலண்டன் பள்ளியாசிரியர் றிச்சட் முல்காஸ்ரர்.

'அப்படியாயின் ஹவ், கிவ், லவ் என்பவற்றில் உயிர் ஏன் நீளவில்லை?' என்று கூர்மையான மாணவன் வினவுவான். 'அவை விதிவிலக்கு' என்பதே வழமையான விடை. உண்மையில் அங்கு அந்த எழுத்து வேறொரு பணியைச் செய்கிறது. 'யூ', 'வீ' இரண்டும் 17ஆம் நூற்றாண்டுவரை ஒரே எழுத்தின் இரு வடிவங்களாகவே வழங்கின. ஆகவே அவ்விடத்தில் நிற்பது மெய்யே என்று காட்ட 'ஈ' பின்னொட்டப்பட்டது. ஆங்கிலச் சொற்கள் 'வீ' எழுத்தில் முடிவதை இன்றும் பெரும்பாலும் தவிர்க்கின்றன. விதிவிலக்கு எனத் தள்ளப்பட்ட மூன்று சொற்களும் இவ்வாறு இன்னொரு விதிக்குள் அடங்கிவிடுகின்றன.

மெய்யை இரட்டிக்கும் விதியும் ஒலியழுத்தத்தோடு சேர்த்துக் கற்பிக்கப்பட்டாலே பயன்தரும். 'பிகின்' (தொடங்கு) என்பதில் அழுத்தம் ஈற்றசையில் விழுவதால் 'பிகினிங்' என எழுதுகையில் 'என்' இரட்டிக்கும். 'ஓப்பின்' (திற) என்பதில் அழுத்தம் முதலசையில் விழுவதால் 'ஓப்பினிங்' என்பதில் இரட்டிப்பதில்லை. இதற்கு மாறாக, வகுப்பறைகளிற் பெரிதும் பாடப்படும் 'ஈ-க்கு முன் ஐ, சீ-க்குப் பின்னன்றி' என்னும் செய்யுள் விதி, 'சயன்ஸ்' என்ற சொல்லிலேயே தடுக்கி விழுகிறது. எளிதிற் பாடத்தக்கது என்பதாலேயே அது நீடிக்கிறது போலும்.

எழுத்து எப்போதும் ஒலியைத் தொடர்வதுமில்லை. இறந்தகால விகுதியாகிய 'ஈ-டீ' வினைக்கேற்ப மூன்று விதமாக ஒலித்தாலும் எழுத்தில் ஒன்றாகவே நிற்கிறது. காரணம், அது குறிப்பது ஒலியையன்று, இலக்கணப் பொருளையே. 1968இல் சொம்ஸ்கியும் ஹலேயும் ஆங்கில எழுத்துக்கூட்டலைச் சீரற்றதென ஒதுக்காது அதன் உள்ளொழுங்கை வற்புறுத்தினர். அவர்கள் அதற்கு மிகையான நற்சான்று வழங்கினர் என்பது நம் கருத்தாயினும், உருபனை நோக்கிய அப்பார்வை ஆசிரியர்க்கு இன்றியமையாதது.

ஒழுங்கின்மைகள் இல்லாமலில்லை, அவையும் சமூக வரலாற்றின் எச்சங்களே. 1066இன் நோர்மன் வெற்றிக்குப்பின் பிரெஞ்சு மரபிற் பயின்ற எழுத்தர் பழைய எழுத்துக்கூட்டலை மாற்றினர். 1476இல் கக்ஸ்ரன் வெஸ்ற்மினிஸ்ரரில் நிறுவிய அச்சகம் நூலைச் சந்தைப் பண்டமாக்கியது. உச்சரிப்பு மாறிக்கொண்டிருக்க எழுத்து உறையத் தொடங்கியது. 'டெற்' (கடன்) என்ற சொல்லில் ஒருபோதும் ஒலிக்காத 'பீ' எழுத்தை இலத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகக் கற்றோர் புகுத்தினர். சாமுவேல் யோன்சனின் 1755ஆம் ஆண்டு அகராதி தரவடிவத்துக்கு அதிகாரம் வழங்கிற்று. 1862இன் திருத்தப்பட்ட கல்விக்கோவை, பரிசோதகர் முன் பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் எண்ணிலும் பெறும் பேற்றுடன் பாடசாலைகளின் அரச மானியத்தைப் பிணைத்தது. எழுத்துத் தேர்வு பெரிதும் சொல்வதெழுதலாகவே அமைந்தது. தொழிலாளர் பிள்ளையின் எழுத்துப்பிழைக்கு இவ்வாறு பணவிலை விதிக்கப்பட்டது.

இலங்கையில் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி பாடசாலைக் கதவைத் திறந்தது. ஆங்கிலக் கதவு அதே அளவுக்குத் திறக்கவில்லை. சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்கு இட்ட 'கடுவ' (வாள்) என்ற பெயர், 1984இல் திரு கந்தையா எழுதிய கட்டுரையின் பொருளாயிற்று. அவ்வாளின் கூரிய முனைகளுள் ஒன்று எழுத்துக்கூட்டல். விண்ணப்பக் கடிதமொன்றின் ஒரு பிழை, எழுதியவரின் அறிவை அளக்காது அவர் பிறந்த வீட்டை அளந்துவிடுகிறது.

வகுப்பறையிற் செய்யத்தக்கன உள. சொற்களை அகரவரிசையிலன்றி விதிவரிசையில் தொகுத்துக் கொடுக்கலாம். பல சொற்களைக் காட்டி விதியை மாணவரே கண்டறியச் செய்யலாம். சொல்வதெழுதற் கொப்பியிலுள்ள பிழைகளை எண்ணுவதற்கு முன் வகைப்படுத்த வேண்டும். 'வோக்' என்ற வினையின் இறந்தகாலத்தை 'ரீ' எழுத்தில் முடிக்கும் மாணவி செவிக்கு உண்மையாகவே எழுதியிருக்கிறாள். அவளுக்குச் சிவப்புக் கோட்டைவிட, மூன்று ஒலிகளுக்கும் ஒரே விகுதி ஏன் என்ற ஒருநிமிட விளக்கமே தேவை.