பழைய காசநோய்க் கிருமியும் தளரும் உடற்காவலும்

கனடாவின் டொரண்டோ நகரின் வடமேற்கே, வெஸ்டன் பகுதியில் உள்ள வெஸ்ட் பார்க் மருத்துவமனை 1904 ஆம் ஆண்டில் ஏழைக் காசநோயாளிகளுக்கென்று தொடங்கப்பட்டது. மருந்துகளுக்கு எளிதில் கட்டுப்படாத காசநோய்க்கும் பின்னாளில் அங்கு சிகிச்சை அளிக்கப்பட்டது. கனடாவில் ஆண்டுக்கு லட்சத்தில் சுமார் ஐந்து பேருக்கே இந்நோய் காணப்படுகிறது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வெளிநாடுகளில் பிறந்தவர்கள்.

புலம்பெயர்ந்து பல ஆண்டுகள் கழித்தும் இந்நோய் தலைகாட்டுவது ஏன்?

நுரையீரலுக்குள் நுழையும் கிருமியை ஒருவகை வெள்ளையணுக்கள் விழுங்கிவிடுகின்றன. ஆனால் பல சமயங்களில் அவற்றால் அதைக் கொல்ல முடிவதில்லை. எனவே டி செல்கள் எனப்படும் வேறு அணுக்களும் திரண்டு, கிருமியைச் சுற்றி ஒரு சிறு முடிச்சை எழுப்புகின்றன. கிருமி அங்கே பல்லாண்டுகள் உறங்கக்கூடும். தொற்றுக்கு உள்ளானவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் நோய் வெளிப்படுகிறது.

காவல் தளரும்போதுதான் சிக்கல். நீரிழிவு இந்த அபாயத்தை இரண்டு முதல் மூன்று மடங்காக்குகிறது. தெற்காசியர்களிடையே நீரிழிவு மிகுதி என்பது குறிப்பிடத்தக்கது. மூட்டுவாதத்துக்குத் தரப்படும் சில நவீன மருந்துகள், அந்த முடிச்சைக் கட்டிக்காக்கும் புரதத்தையே தடுத்துவிடுகின்றன.

நோய் முற்றினால் எதிர்ப்பாற்றலே எதிரியாகவும் மாறுகிறது. கட்டுக்கடங்காத அழற்சி நுரையீரல் திசுவைக் கரைத்துக் குழிகளை உண்டாக்குகிறது. அங்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் மருந்தும் வெள்ளையணுக்களும் போதிய அளவில் சென்றடைவதில்லை. கோடிக்கணக்கில் பெருகும் கிருமிகளில் ஒருசில மருந்தை எதிர்க்கும் தன்மை பெற்றிருக்கும். சிகிச்சை இடையில் நின்றால் அவையே பெருகும்.

அப்படியானால் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிட்டால் போதாதா? புற்றுநோய்க்காக டி செல்களின் தடையை நீக்கும் மருந்து பெற்ற சிலருக்குக் காசநோய் தீவிரமடைந்ததை மருத்துவர்கள் கண்டுள்ளனர். 'எதிர்ப்பு சக்தி' பெயரில் கடைகளில் விற்கப்படும் சூரணங்களை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்தானது.

உணவின் பங்கு வேறு. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தினருக்குக் கூடுதல் உணவு வழங்கியபோது புதிய நோயாளிகள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்ததாக 2023 இல் வெளியான ஆய்வு காட்டியது. பதினெட்டு மாதங்களுக்கும் மேல் நீண்ட சிகிச்சைக்கு மாற்றாக, ஆறுமாத மருந்துத் திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 2022 இல் பரிந்துரைத்தது.

ஒன்டாரியோவில் காசநோய் மருந்துகள் இலவசம்; மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களுக்கும் உதவித் திட்டம் உண்டு. ஆயினும் குடிவரவுச் சிக்கலுக்கும் ஊர்ப்பேச்சுக்கும் அஞ்சி இருமலை மறைப்பவர்கள் இருக்கவே செய்கின்றனர். இந்நோயை அரிதாகவே காணும் கனேடிய மருத்துவருக்கு முதலில் அது நினைவுக்கு வராமலும் போகலாம். மூன்று வாரங்களுக்கு மேல் இருமல் நீடிப்பவர், குறிப்பாக நீரிழிவு உள்ளவர், தாம் பிறந்த நாட்டையும் அவரிடம் சொல்வது பரிசோதனையை விரைவுபடுத்தும்.