வீட்டுத் தோட்டத்தில் சீமையத்தி: நம் ஊருக்கு ஏற்ற இனம் எது?

நெடுநாள் காணாத ஒருவர் வீட்டுக்கு வந்தால், "அத்தி பூத்தாற் போல வந்திருக்கிறீர்களே" என்கிறோம். உண்மையில் அத்தி பூக்காமல் இல்லை. பூப்பது நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே. நாம் காய் என்று எண்ணுவதே ஒரு பூங்கொத்துதான். பையை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி வைத்தது போல, நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் உள்ளேயே மலர்கின்றன. காம்புக்கு எதிர்ப்புறம் இருக்கும் சிறு துளை ஒன்றே அதற்கு வாசல். இதைக் 'கண்' என்பார்கள். இனம் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கண்ணை மறக்கலாகாது. காரணம் பின்னே வரும்.

ஆல், அரசு, அத்தி மூன்றும் ஒரே குடும்பத்து மரங்கள். விஷ்ணு சகஸ்ரநாமத்தில் இம்மூன்றின் வடமொழிப் பெயர்களும் பெருமாளின் திருநாமங்களாக அடுத்தடுத்து வருகின்றன. நவக்கிரக ஹோமத்தில் சுக்கிரனுக்கு அத்திச் சமித்தும், குருவுக்கு அரசஞ்சமித்தும் இடுகிறோம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் திருக்குளத்தில் எழுந்தருளியிருக்கும் அத்திவரதர் திருமேனி அத்தி மரத்தால் ஆனது. 1979-ஆம் ஆண்டுக்குப் பின், 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் அவர் வெளிவந்து தரிசனம் அளித்ததை அன்பர்கள் அறிவார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மேற்சொன்னதெல்லாம் நாட்டு அத்தியைப் பற்றியது. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்த்து, பெருமரமாக வளர்வது அது. கோயில் நிலத்தில் தாராளமான இடம் இருந்தால் நடலாம். வீட்டு வேலி ஓரத்தில் நட்டால் வேர் சாக்கடைக்கும் சுவருக்கும் போய்விடும். கடைகளில் உலர் பழமாக வாங்குவதும், மலாய் அன்பர்கள் 'புவா தின்' என்று போற்றுவதும் சீமையத்தி. திருக்குர்ஆனின் 95-ஆவது அத்தியாயத்துக்கு அப்பழத்தின் பெயரே வைக்கப்பட்டிருப்பதால் அவர்களுக்கு அதன்மேல் தனி மதிப்பு உண்டு. தொட்டியில் அடங்கி வளர்வதும் இதுதான். ஆனால் சீமையத்திக் குச்சியைச் சுக்கிரனுக்குச் சமித்தாக இடலாமா என்பதைக் குருக்களிடம் கேட்டே செய்யவேண்டும்.

அடுத்து, சைவ உணவுக்காரர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி: "அத்திப்பழத்துக்குள் பூச்சி இருக்கிறதாமே, நைவேத்தியத்துக்கு வைக்கலாமா?"

நம் வட்டாரத்துச் செம்பனையை வைத்தே இதை விளக்கலாம். ஒரு காலத்தில் செம்பனைப் பூவுக்கு ஆட்களைக் கொண்டு கையால் மகரந்தம் தூவவேண்டியிருந்தது. 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து சிறு வண்டு ஒன்றைக் கொண்டுவந்து, இதே குளுவாங் வட்டாரத்துப் பாமோல் தோட்டத்தில் விட்டார்கள். அதன்பின் அந்த வேலையை வண்டே பார்த்துக்கொண்டது. அத்திக்கும் அப்படியே, ஒவ்வோர் இன அத்திக்கும் அதற்கென்றே அமைந்த ஒரு நுண்ணிய குளவி உண்டு. அது கண் வழியாக உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது. நுழைந்த குளவி பெரும்பாலும் வெளியே வருவதில்லை. நாட்டு அத்திப் பழத்தைப் பிட்டால் பூச்சி பறப்பது இதனால்தான்.

சீமையத்தியில் இரு வகை உண்டு. துருக்கியின் ஸ்மிர்னா வகைக்குக் குளவி கட்டாயம் வேண்டும்; இல்லாவிட்டால் பிஞ்சிலேயே உதிர்ந்துவிடும். அந்நாட்டிலிருந்து வரும் உலர் அத்தி பெரும்பாலும் இவ்வகையே. மற்றது பொது வகை. மகரந்தமே இல்லாமல் காய் பழுத்துவிடும். சீமையத்திக்குரிய குளவி நம் நாட்டில் இல்லை. ஆதலால் இங்கே பழுக்கக்கூடியது பொது வகை ஒன்றே. நம் வீட்டில் விளைந்த பழத்தை ஐயமின்றி இறைவனுக்குப் படைக்கலாம் என்பது அடியேன் கருத்து. ஸ்மிர்னா கன்று என்று சொல்லி யாரேனும் அதிக விலை கேட்டால் வாங்காதீர்கள். செடி வளரும், பழம் வராது.

அப்படியானால் எதை வாங்குவது? முதன்முதலாக வளர்ப்பவருக்குப் 'பிரௌன் டர்க்கி' போதும். கவனிப்புக் கொஞ்சம் குறைந்தாலும் பொறுத்துக்கொண்டு காய்க்கும். பெரிய பழம் வேண்டுமென்பவர்கள், ஜப்பானில் மிகுதியாகப் பயிராகும் 'மாசுய் டோஃபின்' வைக்கலாம். இனிப்பு சற்று மிதம்தான். கலிஃபோர்னியாவில் பாதிரிமார்கள் நட்டுப் பரப்பியதால் பெயர்பெற்ற 'பிளாக் மிஷன்' சுவையில் சிறந்தது. 'கொனாட்ரியா' என்பது ஐரா காண்டிட் என்னும் அறிஞர் ஒட்டுச்சேர்க்கையால் உருவாக்கி 1956-இல் வெளியிட்ட வெளிர்நிற இனம். பச்சையும் மஞ்சளுமாய் வரியோடிய 'பனாஷே' பார்க்க அழகு. ஆனால் அதற்கு நீண்ட, வறண்ட வெயில் வேண்டும். பாலோவில் அதற்கு எங்கே போவது? மகாராஷ்டிர மாநிலத்துப் புரந்தர் அத்தி 2016-இல் புவிசார் குறியீடு பெற்ற புகழுடையது. அதுவும் வறண்ட நிலத்துப் பிள்ளையே.

நம் முதல் எதிரி மழை. ஆண்டிறுதியில் பருவமழை பிடித்துக்கொண்டால், கண் திறந்த இனங்களில் நீர் இறங்கிப் பழம் புளித்துவிடும், எறும்பும் புகும். எனவே கண் இறுக்கமாக மூடிய இனமா என்று கேட்டு வாங்குங்கள். இலையின் அடியில் பழுப்புப் பொடி போலத் துரு நோய் வரும். அவ்விலைகளைப் பறித்துக் குப்பையோடு அப்புறப்படுத்தவேண்டும், உரக்குழியில் போடலாகாது. வெயில் புகும் நெகிழிக் கூரையின் கீழ் வைத்தால் பாதித் தொல்லை தீரும். தொட்டியில் வளர்ப்பதன் வசதி இதுவே. வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம்.

40 லிட்டர் கொள்ளும் தொட்டி, அடியில் நீர் வடியத் துளைகள், மண்ணும் மணலும் மக்கிய உரமும் கலந்த கலவை. நம் மண் புளிப்புடையது. தோட்டங்களில் போடும் சுண்ணாம்புத் தூளை ஒரு கைப்பிடி கலந்தால் செடி தெளியும். பென்சில் பருமனில், ஒரு சாண் நீளக் குச்சியை நட்டாலே வேர் பிடிக்கும். பதியன் போடுவது இன்னும் உறுதி. கோழி எருவை அள்ளிக் கொட்டினால் இலை மட்டுமே தழைக்கும். புதிய கிளையில்தான் காய் வரும் என்பதால் கவாத்து அவசியம். வெட்டும்போது வடியும் பால் தோலை அரிக்கும், பால் பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளமே வரும். கையுறை அணிந்துகொள்ளுங்கள்.

பறித்த பின் அத்தி பழுக்காது. ஆகவே அவசரம் கூடாது. காம்பு தளர்ந்து பழம் தலை குனிந்து, தொட்டால் மெத்தென்று இருக்கும் நாளில் பறிக்கவேண்டும். அந்த நாளை மைனாவும் அணிலும் நமக்கு முன்பே கண்டுபிடித்துவிடும். பருத்ததும் சிறு வலைப்பை கட்டிவிடுங்கள். காலையில் பறித்ததை அன்றே படைத்து, அன்றே உண்பது நல்லது. குளிர்பெட்டியிலும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. நீரிழிவு உள்ள அன்பர்களுக்குப் புதிய பழம் ஒன்றிரண்டு போதும். உலர் அத்தியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 48 கிராம் சர்க்கரை இருப்பதால், பிரசாதத்தில் கலந்து வந்தாலும் அளவறிந்தே எடுத்துக்கொள்ளவேண்டும்.